பழசை மறக்கச் சொன்னாரா ஏசாயா?

டிசம்பர் 31, இரவு பதினொரு மணி. தூத்துக்குடி, நாகர்கோவில், பாளையங்கோட்டை என்று தென் மாவட்டத்து ஊர் எதிலாவது தேவாலயத்துக்குள் எட்டிப் பார்த்தால் உட்கார இடம் கிடைக்காது. புதுத் துணியின் கஞ்சி வாசனை, அம்மாவின் மடியில் தூங்கி வழியும் குழந்தைகள், வாசலில் நின்றபடியே பாட்டுக்குச் சேர்ந்துகொள்ளும் இளைஞர்கள். பன்னிரண்டு அடித்ததும் மணி முழங்கும். பக்கத்தில் இருப்பவர்களின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்வார்கள். அதன் பிறகு பல சபைகளில் எல்லோரும் காத்திருக்கும் அந்தக் கட்டம் வரும். வசனம் அச்சிட்ட சின்னச் சின்ன அட்டைகள் ஒரு தட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் வாக்குத்தத்த அட்டை. அந்த ஆண்டு முழுவதும் அந்த வசனம் அவருடையது. வீட்டுக்கு வந்ததும் அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்படும், பைபிளுக்குள் செருகப்படும், அல்லது மணிபர்சில் மகன் படத்துக்குப் பக்கத்தில் இடம்பிடிக்கும்.

அந்தத் தட்டில் எந்த வசனம் இல்லாவிட்டாலும் ஏசாயா 43-ம் அதிகாரத்தின் 19-ம் வசனம் இருக்கும். புதிய காரியம் ஒன்றைச் செய்யப்போவதாகவும், வனாந்தரத்தில் வழியையும் வறண்ட நிலத்தில் ஆறுகளையும் உண்டாக்கப்போவதாகவும் கடவுள் சொல்லும் வசனம். புத்தாண்டுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்? அதற்கு முந்தைய 18-ம் வசனம், முன்பு நடந்தவற்றை நினைக்க வேண்டாம், பழையவற்றையே யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் போகிப் பண்டிகை போல இருக்கும். பழைய பாயையும் கிழிந்த தலையணையையும் வாசலில் போட்டுக் கொளுத்திவிட்டு, வெள்ளையடித்த வீட்டுக்குள் நுழைய வேண்டியதுதான்.

ஆனால் அந்த அட்டையைப் புரட்டிப் பார்ப்பவர், போன ஆகஸ்டில் கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்தவராக இருந்தால்? பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனதோடுதான் சொல்வார், "பாருங்க அக்கா, ஆண்டவரே சொல்லிட்டார். பழசையெல்லாம் இனி நினைக்கக் கூடாது" என்று. அந்த அக்காவுக்கு அது ஆறுதலாக இருக்காது. இருபத்தைந்து ஆண்டு வாழ்ந்த வாழ்க்கையைத் துடைத்துப் போட்டுவிட்டு வா என்று கடவுளே கட்டளையிட்டது போல இருக்கும். அது முடியாதபோது, தன் விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும்.

ஏசாயா அதைத்தான் சொன்னாரா? அந்த வார்த்தைகளை முதலில் கேட்டவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது.

ஆற்றங்கரையில் தொங்கிய யாழ்கள்

கி.மு. 597-ல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்தான். இளம் அரசன் யோயாக்கீனையும் அவன் தாயையும், போர்வீரர்களையும் கைவினைக்காரர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். மீதமிருந்தவர்கள் திரும்பவும் எதிர்த்தபோது இன்னொரு முறை வந்தான். இந்த முறை முற்றுகை ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு நீடித்தது. நகரத்துக்குள் தானியம் தீர்ந்தது. கி.மு. 586 வாக்கில் மதில் இடிந்தது. சாலொமோன் கட்டிய ஆலயம் எரிந்தது. கடைசி அரசன் சிதேக்கியாவின் பிள்ளைகளை அவன் கண் முன்னே கொன்றார்கள். பிறகு அவன் கண்களைப் பிடுங்கினார்கள். அவன் கடைசியாகப் பார்த்த காட்சி அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று செய்ததைப் போல.

பிழைத்தவர்களில் இன்னும் ஒரு கூட்டம் பாபிலோனுக்கு நடத்திச் செல்லப்பட்டது. அங்கே அவர்கள் வாய்க்கால் கரைகளில் குடியமர்த்தப்பட்டார்கள். ஊர்ப் பாட்டு ஒன்று பாடு என்று பிடித்து வந்தவர்களே கேட்டதையும், இவர்கள் யாழ்களை மரக்கிளைகளில் மாட்டிவிட்டு அழுததையும் 137-ம் சங்கீதம் பதிவுசெய்திருக்கிறது. நாடு போனது, அரசன் போனான், ஆலயம் போனது. கடவுள் தங்களுக்குக் கொடுத்ததாக நம்பிய அத்தனையும் போன பிறகு, கடவுள் இருக்கிறாரா என்பதைவிட, இருந்தாலும் நம்மை நினைக்கிறாரா என்பதே அவர்களுடைய கேள்வி.

ஏசாயா புத்தகத்தின் 40 முதல் 55 வரையுள்ள அதிகாரங்கள் இந்த மக்களை நோக்கிப் பேசுகின்றன. கி.மு. 8-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏசாயாவே இதை முன்கூட்டிச் சொன்னார் என்பது மரபு. சிறையிருப்பின் கடைசி ஆண்டுகளில் அவர் வழியில் வந்த, பெயர் தெரியாத இன்னொரு தீர்க்கதரிசியின் குரல் இது என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. எப்படிப் பார்த்தாலும் இந்த வார்த்தைகள் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கானவை என்பதில் சந்தேகம் இல்லை. துக்கமே தெரியாத ஒருவர் துக்கப்படுகிறவரிடம் மறந்துவிடு என்று சொல்வது போன்றதல்ல இது.

எதை நினைக்க வேண்டாம்?

அட்டையில் இடமில்லை என்பதால் 18-க்கு முந்தைய இரண்டு வசனங்கள் அச்சாவதில்லை. அவைதான் சாவி. கடலுக்குள் வழி உண்டாக்கியவர், வெள்ளத்தின் நடுவே பாதை போட்டவர், ரதங்களையும் குதிரைகளையும் சேனையையும் விளக்குத் திரியை அணைப்பது போல அணைத்தவர் என்று கடவுளை அந்த வசனங்கள் அறிமுகப்படுத்துகின்றன. எகிப்திலிருந்து மோசே மக்களை அழைத்து வந்தபோது நடந்த செங்கடல் அதிசயம் அது. இஸ்ரவேலரின் வரலாற்றில் அதைவிடப் பெரிய சம்பவம் இல்லை. தாத்தா பேரனுக்குச் சொல்லி, அந்தப் பேரன் தன் பேரனுக்குச் சொல்லி வந்த கதை.

அதைச் சொல்லி முடித்த அடுத்த மூச்சில்தான், முன்பு நடந்ததை நினைக்க வேண்டாம் என்று வருகிறது. ஆக, இங்கே ஓரம் கட்டச் சொல்வது அவர்களுடைய துயரத்தை அல்ல. அவர்களுடைய மிகப் பெரிய வெற்றியை! இதைக் கவனிக்காமல் போவதால்தான் துக்க வீட்டில் இந்த வசனம் தவறான மருந்தாகிவிடுகிறது.

சரி, வெற்றியை எதற்கு மறக்க வேண்டும்? இதே புத்தகத்தின் 51-ம் அதிகாரத்தில் ஒரு கதறல் இருக்கிறது. கடலை வற்றவைத்தது நீர்தானே, எழுந்திரும் என்று கடவுளையே உலுக்கி எழுப்புவது போன்ற கதறல். அன்றைக்குக் கடலைப் பிளந்தவர் இன்றைக்கு ஏன் சும்மா இருக்கிறார் என்பது அந்த மக்களின் மனத்தாங்கல். பழைய அதிசயம் அவர்களுக்கு ஓர் அளவுகோலாகிவிட்டது. அதே மாதிரி நடந்தால்தான் கடவுள் செய்தது என்று நம்புவார்கள். அந்த மாதிரி நடக்காத எதுவும் அவர்கள் கண்ணில் படாது.

பாபிலோனுக்கும் எருசலேமுக்கும் நடுவே கடல் இல்லை. இருப்பது பாலைவனம். நேர்கோட்டில் அளந்தால் 800 கிலோமீட்டருக்கு மேல் மணலும் பாறையும். அன்றைக்கு வழியை மறித்தது தண்ணீர். அதை விலக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு வழியை மறிப்பது தண்ணீர் இல்லாமை. அதைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பாலைவனத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு கடல் பிளக்கக் காத்திருப்பவரை என்ன செய்வது? அவரிடம்தான் ஏசாயா பேசுகிறார்.

நம் வீடுகளிலும் இது நடக்கும். நல்ல வேலையில் இருந்து ஐம்பது வயதில் வேலை போன ஒருவர், அதே நாற்காலி, அதே சம்பளம், அதே மரியாதை திரும்பி வந்தால்தான் கடவுள் கண் திறந்தார் என்று எண்ணுவார். மச்சான் கடையில் கணக்கு எழுத ஆள் தேவை என்று ஒரு வழி திறந்தால், அது அவருக்கு வழியாகவே தெரியாது. அவமானமாகத் தெரியும்.

பழையதை அடியோடு மறக்கச் சொல்லவில்லை என்பதற்கு ஏசாயா புத்தகமே சாட்சி. மூன்றே அதிகாரம் தள்ளி, 46-ம் அதிகாரத்தின் 9-ம் வசனத்தில், முற்காலத்தில் நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள் என்று அதே கடவுள் அதே மக்களிடம் சொல்கிறார்! நினைக்காதே, நினைத்துக்கொள் என்ற இரண்டு பேச்சும் ஒரே வாயிலிருந்து. கடவுள் யார் என்று தெரிந்துகொள்ளப் பழையதை நினைக்கலாம். அடுத்து அவர் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கே பாடம் எடுக்கப் பழையதைப் பயன்படுத்தக் கூடாது. இந்த மக்கள் பிற்பாடு ஊர் திரும்பி ஆலயத்தைக் கட்டி முடித்ததும் கொண்டாடிய முதல் பண்டிகை எது தெரியுமா? பஸ்கா. எகிப்திலிருந்து விடுதலையான அதே பழைய கதையின் பண்டிகை. நினைக்க வேண்டாம் என்று கேட்டவர்களின் பிள்ளைகள் அதைத்தான் ஆட்டுக்குட்டி அடித்துக் கொண்டாடினார்கள்.

இந்த 43-ம் அதிகாரத்தில் உண்மையாகவே ஒரு மறதி இருக்கிறது. ஆறு வசனம் தள்ளி, 25-ம் வசனத்தில். அங்கே மறப்பவர் கடவுள். மக்களின் தப்பிதங்களைத் துடைத்துவிடுவதாகவும் அவர்களுடைய பாவங்களை இனி நினைப்பதில்லை என்றும் அவர் சொல்கிறார். இத்தனைக்கும் அதற்கு முந்தைய வசனங்களில், நீங்கள் என்னைக் கூப்பிடவே இல்லை, உங்கள் பாவங்களால் என்னைத்தான் சோர்வடைய வைத்தீர்கள் என்று குறைப்பட்டுக்கொண்டவர் அவர். கணக்கு நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, பிறகு அந்தப் பக்கத்தையே கிழித்துப் போடுவது போல இருக்கிறது. தன் தவறால்தான் குடும்பம் இப்படி ஆனது என்று ஆண்டுக்கணக்கில் தன்னைத் தானே அடித்துக்கொள்கிறவர்களுக்கு 19-ம் வசனத்தைவிட இந்த 25-ம் வசனத்தைத்தான் அட்டையில் அச்சிட்டுத் தர வேண்டும்.

முளைக்கும்போது சத்தம் வராது

புதிய காரியம் வரும் என்பதைச் சொல்ல எபிரேய மூலத்தில் ஒரு விவசாயச் சொல் வருகிறது. விதை முளைப்பதற்குச் சொல்லும் சொல். அதுவும் எதிர்காலத்தில் என்றில்லை. இப்போதே முளைக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லையா என்ற கேள்வியோடு வருகிறது. அந்தக் கேள்வியில் கொஞ்சம் ஆதங்கமும் உண்டு. கடல் பிளந்தால் ஊருக்கே கேட்கும். விதை முளைத்தால் குனிந்து பார்ப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

பாபிலோனில் அப்படி என்ன முளைத்துக்கொண்டிருந்தது? களிமண் பலகைகள் சில பதில்களைத் தருகின்றன. பாபிலோன் இடிபாடுகளில் கிடைத்த பலகைகளில், யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் அரண்மனையிலிருந்து எண்ணெய் படியளந்த கணக்கு இருக்கிறது. 1939-ல் அது வெளியிடப்பட்டது. சிறைப்பட்ட அரசனுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களுக்குச் சாப்பாடு இருந்தது. இன்னொரு தொகுதிப் பலகைகள் கிராமப்புறத்து யூதர்களைப் பற்றியவை. அவர்கள் குடியிருந்த ஓர் ஊருக்கே யூதா ஊர் என்று பொருள்படும் பெயர். வாற்கோதுமைக் கடன், பேரீச்சைக் குத்தகை, வரி பாக்கி என்று எல்லாம் அன்றாடக் கணக்குகள். அழுகை ஒன்றும் அவற்றில் இல்லை. யாழை மரத்தில் மாட்டியவர்கள் மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்திருக்கிறார்கள்.

அப்படி எடுக்கச் சொன்னவர் எரேமியா. முதல் கூட்டம் நாடு கடத்தப்பட்ட பிறகு எருசலேமிலிருந்து அவர் எழுதிய கடிதம் எரேமியா புத்தகத்தின் 29-ம் அதிகாரத்தில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் நகரத்தின் நன்மைக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறது கடிதம். திரும்பி வர 70 ஆண்டு ஆகும் என்றும் சொல்கிறது. அதாவது, கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த பெரியவர்கள் யாரும் ஊர் திரும்பப் போவதில்லை. நல்ல எதிர்காலமும் நம்பிக்கையும் தருவதாகக் கடவுள் சொல்லும் 11-ம் வசனமும் இந்தக் கடிதத்தில்தான் வருகிறது. அதுவும் புத்தாண்டுத் தட்டில் தவறாமல் இருக்கும் அட்டை. ஆனால் 70 ஆண்டு என்று சொல்லும் 10-ம் வசனத்தை யாரும் அட்டை போட்டதாகத் தெரியவில்லை!

எரேமியாவுக்கு ஒரு போட்டியாளர் இருந்தார். அனனியா என்று பெயர். 28-ம் அதிகாரம் முழுக்க அவர் கதைதான். இரண்டே ஆண்டுகளில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள், ஆலயப் பாத்திரங்கள்கூட வந்து சேர்ந்துவிடும் என்று ஆலயத்திலேயே கூட்டத்தின் நடுவே அறிவித்தார். எரேமியா அடையாளமாகத் தன் கழுத்தில் போட்டிருந்த நுகத்தடியைப் பிடுங்கி உடைத்தும் காட்டினார். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியாவேகூட முதலில் ஆமென், அப்படியே ஆகட்டும் என்றுதான் சொன்னார். பிறகுதான் அது பொய் என்றார். இந்த ஆண்டே, இந்த மாதமே, இந்த வாரமே என்று மேடையில் தேதி குறித்து ஆசீர்வாதம் விற்பவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். அனனியாவை நம்பி வீடு கட்டாமல் மூட்டையைக் கட்டி வைத்துக் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ.

யாரும் எதிர்பாராத ஆள்

கி.மு. 539-ல் பாரசீக அரசன் கோரேஸ் பாபிலோனைப் பிடித்தான். வரலாற்றுப் புத்தகங்களில் சைரஸ் என்று படித்திருப்போமே, அவன்தான். அடுத்த ஆண்டே யூதர்கள் ஊர் திரும்பி ஆலயம் கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தான் என்கிறது எஸ்றாவின் புத்தகம். அவன் பாபிலோனைப் பிடித்த கதையைச் சொல்லும் சுட்ட களிமண் உருளை ஒன்று 1879-ல் கண்டெடுக்கப்பட்டு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒரு சாண் நீளம்தான். 2013 டிசம்பரில் அது மும்பைக்குக் கண்காட்சிக்காக வந்தபோது பலர் நேரிலேயே பார்த்தார்கள். அதில் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தனக்கு வெற்றி தந்தது பாபிலோனின் தெய்வமான மர்துக் என்றுதான் அவன் எழுதச் சொல்லியிருக்கிறான். கைப்பற்றப்பட்ட தெய்வங்களையும் மக்களையும் அவரவர் இடத்துக்கு அனுப்பியதாகவும் சொல்கிறான்.

ஏசாயா 45-ம் அதிகாரம் இந்த அந்நியனுக்குக் கொடுக்கும் பட்டம் அபிஷேகம் பெற்றவன். எபிரேயத்தில் மேசியா என்ற அதே சொல். நீ என்னை அறியாதிருந்தும் உன்னை நான் பெயர் சொல்லி அழைத்தேன் என்ற பொருளில் கடவுள் அவனிடம் பேசுகிறார். தாவீதின் வம்சத்தில் ஒருவன் வந்து மீட்பான் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்? களிமண் குயவனோடு வழக்காடலாமா என்று அதே அதிகாரம் கேட்பதைப் பார்த்தால், முணுமுணுப்பு இருந்திருக்க வேண்டும். உதவி வந்த திசை பிடிக்கவில்லை. புதிய காரியத்தை அடையாளம் காண முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகாத சம்பந்தி வீட்டிலிருந்து உதவி வந்தால் நாமும் யோசிக்கத்தானே செய்வோம்?

திரும்பிப் போனவர்களின் பட்டியலை எஸ்றாவின் 2-ம் அதிகாரம் தருகிறது. மொத்தம் 42,360 பேர். வேலைக்காரர்கள் 7,337. குதிரைகள் 736, கோவேறு கழுதைகள் 245, ஒட்டகங்கள் 435, கழுதைகள் 6,720. பெரும்பாலோர் நடந்துதான் போயிருக்க வேண்டும் என்று கணக்கே சொல்கிறது. பாலைவனத்தைச் சுற்றிக்கொண்டு ஆற்றோரமாக வடக்கே ஏறி, பிறகு தெற்கே இறங்கும் பாதை ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். பிற்காலத்தில் எஸ்றா அதே பயணத்துக்கு நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். வனாந்தரத்தில் வழி என்ற வாக்குறுதி நிறைவேறியபோது கால் கொப்புளத்தோடுதான் நிறைவேறியது. வேறு பலர் பாபிலோனிலேயே தங்கிவிட்டார்கள். தோட்டம் போடுங்கள் என்று எரேமியா சொன்னதைக் கேட்டு மரம் வைத்தவர்கள், பேரன் பேத்திகள் அங்கேயே பிறந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அழுகையும் ஆரவாரமும்

ஊர் வந்து சேர்ந்த இரண்டாம் ஆண்டு, இரண்டாம் மாதம் ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். ஆசாரியர்கள் உடை உடுத்திப் பூரிகை ஊதினார்கள், லேவியர்கள் கைத்தாளம் தட்டினார்கள். மக்கள் சந்தோஷத்தில் ஆரவாரம் செய்தார்கள். புதிய தொடக்கம் என்றால் இதுதானே?

ஆனால் கூட்டத்தில் சில முதியவர்கள் இருந்தார்கள். பழைய ஆலயத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். அது எரிந்தபோது பத்து வயதுப் பிள்ளை என்றால் இப்போது அறுபது வயது. சாலொமோனின் கேதுரு மரமும் பொன் தகடும் நினைவில் இருக்க, இப்போது கண் முன்னே வெறும் கல் வரிசை. அவர்கள் குரலெடுத்து அழுதார்கள். ஆரவாரம் எது, அழுகை எது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் கலந்து வெகுதூரம் கேட்டது என்கிறது எஸ்றா 3-ம் அதிகாரத்தின் கடைசி வசனம்.

பைபிளில் புதிய தொடக்கத்தைப் பற்றி இதைவிட நேர்மையாகச் சொன்ன இடம் இருக்குமா என்பது சந்தேகம்தான். நல்ல நாளில் அழக் கூடாது என்று யாரும் அந்தப் பெரியவர்களை அதட்டவில்லை. ஏசாயாவின் வார்த்தையை எடுத்துக்காட்டி, பழையதை நினைக்காதே என்று ஒருவரும் அடக்கவில்லை. பாதிரியார் ஒருவர் வந்து அவர்களை ஓரமாக அழைத்துப்போகவும் இல்லை. பூரிகை ஊதியவர்கள் ஊதிக்கொண்டிருந்தார்கள்; அழுதவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். கணவர் இல்லாத முதல் வருஷம் மகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கும் அம்மாவுக்கு இது புரியும். மாப்பிள்ளை தாலி கட்டும்போது வரும் அந்தக் கண்ணீர் எந்தக் கணக்கில் சேரும் என்று அவராலேயே சொல்ல முடியாது.

அதன் பிறகும் காரியம் நேராகப் போய்விடவில்லை. அக்கம்பக்கத்தவர்கள் எதிர்த்தார்கள், வேலை நின்றது. ஒன்றிரண்டு மாதமல்ல, பதினைந்து ஆண்டுக்கு மேல். இடையில் விளைச்சலும் பொய்த்தது. அந்தக் காலத்து மக்களின் நிலையைப் பற்றி ஆகாய் தீர்க்கதரிசி சொன்ன ஓர் உவமை மாதச் சம்பளக்காரர்களுக்கெல்லாம் உடனே பிடிபடும்: கூலி வாங்கி ஓட்டைப் பையில் போடுகிறார்களாம்! மண்ணிலிருந்து எட்டிப் பார்த்த முளை வாடிப்போனது போலத்தான் இருந்தது. கி.மு. 520-ல் ஆகாயும் சகரியாவும் தூண்டிவிட்ட பிறகே மறுபடி கல் எடுத்தார்கள். அப்போதும் ஆகாய் மழுப்பவில்லை. பழைய ஆலயத்தின் மகிமையைப் பார்த்தவர்கள் உங்களில் இருக்கிறார்களா, அதன் முன்னால் இது ஒன்றுமில்லாதது போலத் தெரிகிறதல்லவா என்று அவரே கேட்டார். கேட்டுவிட்டு, திடமாயிருந்து வேலையைச் செய்யுங்கள் என்றார்.

தரியு அரசனின் ஆறாம் ஆண்டில், நம் கணக்குக்கு கி.மு. 515-ல், ஆதார் மாதம் மூன்றாம் தேதி ஆலயம் முடிந்தது. பிரதிஷ்டைக்குப் பலியிட்டவை காளைகள் 100, ஆட்டுக்கடாக்கள் 200, ஆட்டுக்குட்டிகள் 400. சாலொமோனின் பிரதிஷ்டையில் மாடுகள் மட்டும் 22,000, ஆடுகள் 1,20,000 என்று ராஜாக்கள் புத்தகம் சொல்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது ஏழை வீட்டுக் கல்யாணம்.

அந்தப் பட்டியலின் கடைசியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பாவநிவாரண பலிக்காக வெள்ளாட்டுக் கடாக்கள் 12. இஸ்ரவேலின் கோத்திரத்துக்கு ஒன்று வீதம். ஆனால் பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் பெரும்பாலும் யூதா, பென்யமீன், லேவி கோத்திரத்தார் மட்டுமே. வடக்கே இருந்த மற்றக் கோத்திரங்களை அசீரியர்கள் பிடித்துக்கொண்டுபோய் இருநூறு ஆண்டு ஆகியிருந்தது. அவர்கள் எங்கே போனார்கள், என்ன ஆனார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. திரும்பி வரவே இல்லை. இருந்தாலும் கையிருப்பு குறைவாக இருந்த அந்த நாளில், புது ஆலயத்தின் முன்னால், அவர்களையும் சேர்த்தே எண்ணிப் பன்னிரண்டு கடாக்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.